கிடா சிலுப்பாத வருஷங்கள்

கிடாயை வெட்ட உத்தரவு கேட்டபோது, கிடாய்க்குப் பதிலாக மனுஷன் உத்தரவு கொடுத்த ஊர் இந்தப் பூலோகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது குற்றாலம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலாம் வருஷம் ஆடிக் கடைசிச் செவ்வாய், ஐந்தருவிக்குப் போகிற வழியில் புளியந்தோப்புப் பேச்சியம்மனுக்குக் கொடைத் திருவிழா. அந்த வருஷம் ஆட்டுக்கறி கிலோ பத்து ரூபாய்க்கு விற்றது. சாரல் சும்மா கிடைத்தது. பேச்சி கோயிலில் ஒரு முறை உண்டு. கிடாயின் தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டு எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். கிடா உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பினால், 'என்னை வெட்டிக்கொள்' என்று அது உத்தரவு கொடுத்துவிட்டதாக அர்த்தம். அதற்கு அப்புறம்தான் அரிவாள் இறங்கும். கேட்காமல் வெட்டுவதற்கு இந்த ஊர்க்காரர்கள் என்ன காட்டுமிராண்டிகளா? அன்றைக்குப் பூசாரி ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார். கிடா, யார் வீட்டுக் கல்யாணத்திலோ வாழ்த்துரை கேட்கிற பெரிய மனுஷனைப் போல அசையாமல் நின்றது. பக்கத்தில் அரிவாளோடு நின்ற சொரிமுத்து, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் ஒரு சிலுப்பு சிலுப்பினார். அவருடைய காது மடல் இரண்டும் படபடவென்று அடித்துக்கொண்ட சத்தம் இலஞ்சி வரைக்கும் கேட்டது.

சொரிமுத்து மேல் ஒரு பொட்டுச் சாரல் விழுந்திருக்க வழியில்லை. அரிவாள் நனையக் கூடாது என்று ஓர் ஆள் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தான். ஆனாலும் பனியனைக் கழற்றிப் பார்த்தால் முதுகுத்தண்டு நெடுக மஞ்சள் கறை. அவருடைய பெண்சாதி இராமலட்சுமி அதைப் பார் சோப்புப் போட்டுக் கல்லில் அடித்து அடித்து, கல்தான் தேய்ந்தது. "சாம்பாரு" என்றாள். "முதுகுலயா ஆச்சி சாம்பார் ஊத்திக்கிடுவாக?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு, "எங்க மெஸ்ஸுல எங்கன வேணும்னாலும் ஊத்துவோம், ஒனக்கென்னட்டி?" என்றாள்.

மெஸ் என்றால் சாமானியமான மெஸ் அல்ல. மெயினருவிக்குப் போகிற தெருவில் இருந்தது. அவளுடைய ஆட்டுக்கறிக் குழம்பின் வாசத்தைப் பிடித்துக்கொண்டே, கண் தெரியாத ஒருவர் கொல்லத்திலிருந்து வழி கேட்காமல் வந்து சேர்ந்து, சாப்பிட்டுவிட்டு, ஏப்ப வாசத்தைப் பிடித்துக்கொண்டே திரும்பியும் போனார். மெஸ்ஸுக்குக் கறி வெட்டுவது சொரிமுத்து. கொடைக்குக் கொடை பேச்சிக்குக் கிடா வெட்டுவதும் அவரே. ஒரே வெட்டு, ரெண்டாவது வெட்டு என்பது அவர் வம்சத்திலேயே கிடையாது. அப்படிப்பட்ட மனுஷன் அன்றைக்கு அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, தன் கழுத்தைத் தானே தடவிக்கொண்டு நின்றார்.

சிலுப்பியவன் உத்தரவு கொடுத்தவன். முறை அதுதான். அப்படியானால் என்ன செய்வது என்று யாரும் வாய் திறந்து கேட்கவில்லை. எல்லோரும் சொரிமுத்துவின் கழுத்தை ஒருதரம் பார்த்துவிட்டு மரியாதையாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். பந்தோபஸ்துக்கு வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர், சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று மட்டும் பொதுவாகச் சொல்லிவைத்தார். கிடாயை மாலையோடு தோப்பில் அவிழ்த்துவிட்டார்கள். அது மாலையைத் தின்றது.

கொடைக் கமிட்டித் தலைவர் குற்றாலநாதன், மூன்று லாட்ஜுக்குச் சொந்தக்காரர், எந்தச் சிக்கலையும் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் தீர்த்துவைப்பவர் என்று பெயர் எடுத்தவர். கமிட்டியைக் கூட்டினார். "இதுல என்ன இருக்கு? தண்ணி பட்டா ஒடம்பு சிலுப்பத்தான் செய்யும், உத்தரவு கித்தரவுல்லாம் ஒண்ணும் கெடையாதுன்னு தீர்மானம் போட்டுருவோம். சொரிமுத்து அண்ணாச்சி வீட்டுக்குப் போயிரட்டும்."

பூசாரி தலையைச் சொறிந்தார். "அப்பம் இதுவரைக்கும் வெட்டுனோமே கிடா, எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேந்து? அதுவ ஒண்ணுகூட உத்தரவு குடுக்கலேன்னு ஆயிருமேவே. அத்தனையும் கேக்காம வெட்டுனதுல்லா?"

குற்றாலநாதனுக்குத் தொண்டையில் டீ நின்றது. "சரி, அப்பம் உத்தரவுதான்னு வச்சுக்கிடுவோம்."

"அப்பம் சொரிமுத்துவ வெட்டணும்."

வடை வந்தது. எல்லோரும் வடையைத் தின்றார்கள். இந்தப் பேச்சு இந்த இடத்திலேயே ஒன்பது வருஷம் நின்றது. தீர்மானம் இந்தப் பக்கம் போனால் மனுஷன் சாவான். அந்தப் பக்கம் போனால் செத்துப்போன கிடாயெல்லாம் எழுந்து வந்து கணக்குக் கேட்கும். நடுவில் வடை ஒன்றுதான் வழி.

சோதித்துப் பார்க்காமலும் இல்லை. எழுபத்தைந்தில் வேறு கிடா, வேறு ஆள். சொரிமுத்துவை மெஸ்ஸை விட்டு அசையக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தோப்பில் தண்ணீர் ஊற்றிய அதே நிமிஷம், மெஸ்ஸில் சாம்பார் வாளியோடு நின்றவர் சிலுப்பிய சிலுப்பில், செங்கோட்டையிலிருந்து வந்திருந்த ஒரு வக்கீல் குடும்பமே சாம்பாரில் நனைந்தது. எழுபத்தாறில் கடையத்தில் ஒரு கல்யாணத்துக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் சிலுப்பினார், பஸ்ஸும் கூடவே சிலுப்பியதில் முன் சக்கரம் கழன்று அவர்களுக்கு முன்னால் கடையம் போய்ச் சேர்ந்தது. எழுபத்தேழில் வாசுதேவநல்லூரில் ஒரு சத்திரத்து அறையில் வைத்துப் பூட்டினார்கள். பூட்டு சிலுப்பிக்கொண்டு திறந்தது. எங்கே போனாலும் தண்ணீர் கிடாய்க்கு, குளிர் சொரிமுத்துவுக்கு.

நேர்ந்துவிட்ட கிடாயை விற்கவும் முடியாது, வெட்டவும் முடியாது. அதனால் குற்றாலத்தில் கிடாய்கள் பெருத்தன. லாட்ஜ் மாடிகளில் காயப்போட்ட ஈர வேட்டிகளைத் தின்றன. சீசனுக்கு வந்த சனங்கள் குளித்துவிட்டுத் திரும்பினால் கட்ட மாற்றுத்துணி இருக்காது. எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆட்கள், கிராக்கி இல்லாத நேரத்தில் கை துருப்பிடிக்கக் கூடாது என்று கிடாய்களுக்கு எண்ணெய் தேய்த்தார்கள். அவை அருவியில் வரிசையில் நின்று குளித்தன, போலீஸ்காரர் விசில் அடித்ததும் மனிதர்களைவிட ஒழுங்காக விலகின. அருவித் தண்ணீர் அத்தனை தலையில் கொட்டியும் ஒரு கிடாகூடச் சிலுப்பவில்லை என்பதைப் பார்த்தவர்கள் உண்டு.

ஊரில் நம்பாத ஆள் ஒருத்திதான். "சாரல்ல நனைஞ்சாரு, குளிர்ல நடுங்குனாரு. ஒரு மனுசன் நடுங்குனதுக்கு இம்புட்டுக் கதையா?" என்பாள் இராமலட்சுமி. குடை பிடித்த ஆளே வந்து சத்தியம் செய்தான். ஓட்டைக் குடை என்றாள். குடையை விரித்துக் காட்டினான்; இப்பம் அடைச்சுட்டு வந்திருக்கே என்றாள். கோபக்காரி, பிடிவாதக்காரி, கண்ணெதிரே நடந்ததை ஒத்துக்கொள்ளாதவள் என்று ஊர் பேசியது. பேசினால் பேசட்டும். அவளுக்கு ஒன்று தெரிந்திருந்தது. 'ஆமாம், அவர் சிலுப்பினார்' என்று அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டால், அதற்கு அடுத்த வார்த்தை அரிவாள். புருஷனின் கழுத்துக்கும் ஊருக்கும் நடுவில் இருந்த சுவர், அவளுடைய 'இல்லை' மட்டும்தான். அந்தச் சுவருக்கு அவள் ஒன்பது வருஷமும் விடாமல் சுண்ணாம்பு அடித்துக்கொண்டே இருந்தாள்.

சொரிமுத்து கறி வெட்டுவதை விட்டுவிட்டார். தின்பதையும் விட்டுவிட்டார். விட்டதில் அவருக்கு ஒரு தெளிவும் வந்துவிடவில்லை. மெஸ் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே குழம்பு கொதிக்கும்.

"ஏட்டி, நாக்குல எச்சி ஊறுது, கண்ணுல தண்ணி வருது. ரெண்டும் ஒரே கறிக்குத்தாம் வருது. நான் என்னத்தட்டி செய்ய?"

"வாயத் தொடச்சுட்டுக் கண்ணத் தொடைங்க. வழியில உக்காராதிய, ஆளு வருது."

ஊரிலிருந்து ஆட்கள் வந்து அவரிடம் மெதுவாகக் கேட்பார்கள். தண்ணீர் பட்டுச் சிலுப்பிய உயிர்களில் பேசத் தெரிந்த உயிர் அவர் ஒருவர்தானே. கிடாயின் மனசில் அந்த நேரத்தில் என்ன இருக்கும் என்று அவரைத் தவிர வேறு யாரிடம் கேட்பது? "அண்ணாச்சி, சரின்னுதான சிலுப்புனிய?" சொரிமுத்து கண்ணை மூடி யோசிப்பார். ஒரு தடவை அவர் யோசிக்க ஆரம்பித்தபோது கேட்டவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யோசித்து முடித்தபோது அவன் பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. சொன்ன பதில் இதுதான்: "குளிர்ந்துச்சு."

இராமலட்சுமி ஒருநாள் மாவாட்டிக்கொண்டே தானும் கேட்டாள், சும்மா கேட்பதுபோல. "நெசமாத்தான் கேக்கேன். பயந்திட்டியளோ? இல்ல, போதும், செத்துப்போவோம்னு தோணுச்சோ?"

"ஒண்ணும் தோணலட்டி. அதான் பயமா இருக்கு. வெட்டுனதையெல்லாம் நெனச்சுப் பாக்கேன். அதுவளுக்கும் ஒண்ணும் தோணியிருக்காதோ? தோணாமலேதான் சிலுப்பிச்சோ? நான் அதப் பாத்துட்டு, சரி, தாயி உத்தரவு குடுத்துட்டான்னு..." கிரைண்டர் இல்லாத காலம். ஆட்டுரல் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கை கொஞ்ச நேரம் எதிர்த்திசையில் சுற்றிவிட்டு, பிறகு சரியான திசைக்கு வந்தது.

மெஸ் நடக்க வேண்டுமே. கறிக்கு அவள் தென்காசி மார்க்கெட்டில் மூசா கடைக்குப் போனாள். பேச்சியின் பெயரால் வெட்டினால்தானே தண்ணீர் ஊற்றிக் கேட்க வேண்டும்? மூசா கடையில் கேட்கிற முறையே கிடையாது. அதனால் ஊரே அங்கே வந்து நின்றது. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடும், ஆகவே கேட்காத இடத்தில் வாங்குவதுதான் தர்மம் என்று கமிட்டிக்காரர்கள் பை நிறைய வாங்கிப் போனார்கள்.

"ஏன் பாய், நீங்க கேக்கவே மாட்டியளா?" என்றாள் இராமலட்சுமி.

மூசா கத்தியைச் சாணையில் இழுத்துக்கொண்டிருந்தார். "நாங்க அதுக்குத் தண்ணி குடுப்போம் ஆச்சி, தலைல ஊத்த மாட்டோம். கத்திய அது கண்ணுல காட்டக் கூடாது. படைச்சவன் பேரச் சொல்லணும். அவன்ட்டதான் கேக்கோம், ஆட்டுட்ட கேக்கல."

"அவன் சரின்னு சொல்லுதானா?"

மூசா கத்தியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "நல்லாத்தான கறி வாங்கிட்டிருந்திய இம்புட்டு நாளும்? வரிசைல நிக்கவனுவ காதுல விழுந்தா யாவாரம் என்னத்துக்கு ஆகும்? தொடைக்கறி வச்சிருக்கேன், புடிங்க." ஆனால் அன்றைக்கு அவர் எடை போட்டதில் தராசு முள் நடுவில் நிற்கவே இல்லை, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டே இருந்தது. நிற்கட்டும் என்று காத்திருந்து பார்த்தார்கள், அதற்குள் சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கே சொல்லிவிட்டார்கள்.

எண்பத்து மூன்றில் சீசன் பொய்த்தது. ஆனி போய் ஆடி வந்தும் மலையில் மேகம் இல்லை. மெயினருவி தாலிக்கயிறு கனத்துக்கு இறங்கியது. வந்திருந்த ஒன்றிரண்டு பேர் அதன் அடியில் டம்ளர் வைத்து, நிரம்பியதும் தலையில் ஊற்றிக்கொண்டார்கள். குரங்குகள் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு பாபநாசத்துக்கு டவுன் பஸ் ஏறின. குற்றாலநாதனின் மூன்று லாட்ஜிலும் சேர்த்து ஒரே ஒரு ஆள் தங்கியிருந்தார். அவரும் சொந்தக்கார மாப்பிள்ளை. அப்போதுதான் ஊர் சொரிமுத்துவை வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தது. உத்தரவு கொடுத்தவன் ஒன்பது வருஷமாக இட்லி தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தால் பேச்சிக்குக் கோபம் வராதா? அவர் தெருவில் போனால் அகத்திக்கீரை கொடுத்தார்கள். ஒரு பெண் அவர் கழுத்தில் மாலை போட்டுவிட்டு அழுதாள்.

குற்றாலநாதன் தாம்பூலத் தட்டோடு மெஸ்ஸுக்கு வந்தார். பின்னால் கமிட்டி, அதற்குப் பின்னால் பூசாரி.

"மதினி, நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. அண்ணாச்சிய ஒண்ணும் செஞ்சிர மாட்டோம். நாங்க என்ன கொலைகாரனுவளா? சும்மா, கழுத்துல ஒரு கீறலு. ஒரு சொட்டு மண்ணுல விழுந்தாப் போதும். தாயி மனசு குளிர்ந்துருவா."

"கீறுறது ஆரு?"

"ஆராவது..."

"ஒரு சொட்டுக்கு மழ வரலேன்னா?"

சொரிமுத்து ஸ்டூலிலிருந்து எழுந்து, சட்டைக் காலரை மடித்துவிட்டுக்கொண்டார். "விடுட்டி. ஒரு கீறலுதான?" என்றார். இராமலட்சுமி அவர் தோளை அமுக்கி உட்காரவைத்தாள்.

"இவுக சிலுப்புனாகன்னு நீங்கதான் சொல்லுதிய. நான் பாக்கல. இப்பம் சாரலும் இல்ல, குளிரும் இல்ல. நாளைக்கு உச்சி வெயில்ல, எம் முன்னால ஊத்துங்க. ஊரையும் கூப்பிடுங்க. இவுக சிலுப்புனா நீங்க சொன்னபடி. சிலுப்பலேன்னா இந்தத் தட்ட எடுத்துக்கிட்டு இனிமே இந்த வாசல்ல காலு வைக்கக் கூடாது."

மறுநாள் வெயில் எப்படி அடித்தது என்றால், தோப்பில் தொங்கிய புளியம்பழம் மரத்திலேயே கொதித்துப் புளிக்குழம்பாகச் சொட்டியது. ஊர் முழுக்க வந்திருந்தது. கமிட்டி வந்தது, சப்-இன்ஸ்பெக்டர் வந்தார், மெஸ்ஸில் தின்று கணக்கு வைத்தவர்கள் வந்தார்கள், என்னதான் நடக்கிறது என்று பார்க்க மூசாவும் கடையைப் பூட்டிவிட்டு ஓரமாக வந்து நின்றார். கிடாயின் கயிற்றை இராமலட்சுமியே பிடித்துக்கொண்டாள். ஏமாற்று வேலை ஏதும் நடக்கக் கூடாது பாருங்கள். சொரிமுத்துவை எதிரில் நிறுத்தினாள். அவர் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், "ஊத்துங்க" என்றாள். 'சிலுப்பிராதிய, சிலுப்பிராதிய' என்று அவள் உதடு முணுமுணுத்தது பக்கத்தில் நின்ற பூசாரிக்குக் கேட்டது.

பூசாரி ஊற்றினார். கிடா அசையவில்லை. சொரிமுத்து சிலுப்பினார்.

அதைப் பார்த்து ஐயோ என்று சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள், குற்றாலநாதன் சிலுப்பினார். காலில் ஆரம்பித்து மேலே ஏறி, தலை போய்த் திரும்பி வந்தது. பிறகு பூசாரி, செம்பு கையை விட்டுப் பறந்தது. பிறகு கமிட்டி, வரிசையாக. சப்-இன்ஸ்பெக்டர் தொப்பி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். கறி தின்றவர்கள், கறி விற்றவர்கள், இறைச்சி என்ற வார்த்தையைக்கூட வாயால் சொல்லாமல் குழம்பை மட்டும் தொட்டுக்கொண்டவர்கள், மூசா, கைக்குழந்தைகள்கூட. முந்நூறு ஜோடிக் காது மடல்கள் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்ட காற்றில் தென்காசிக் கோபுரத்துப் புறாக்கள் எழும்பிப் போனவை சாயங்காலம்தான் திரும்பின. சட்டை முதுகுகளில் எல்லாம் மஞ்சள் வழிந்தது. சிலுப்பாமல் நின்றது இரண்டே பேர்: கிடா ஒன்று, இராமலட்சுமி ஒன்று. அவள் ஏன் சிலுப்பவில்லை என்று இதுவரை யாருக்கும் தெரியாது. அடுப்பில் வைத்துவிட்டு வந்த ரசத்தை நினைத்துக்கொண்டிருந்தாள், அதனால் அவளுக்குத் தெரியவில்லை என்று ஒரு கட்சி. புருஷனுக்காக அவள் ஏற்கெனவே உள்ளுக்குள் சிலுப்பித் தீர்த்துவிட்டாள் என்று இன்னொரு கட்சி.

சிலுப்பியவன் உத்தரவு கொடுத்தவன். கீறலுக்கென்று கமிட்டி கொண்டுவந்திருந்த அரிவாள் மண்ணில் கிடந்தது. அதை எடுக்கத் தகுதியுள்ள கை ஊரில் ஒன்றுதான் மிச்சம். இராமலட்சுமி குனிந்து அதை எடுத்தாள். எடுக்க வேண்டும் என்று எடுக்கவில்லை. காலில் குத்திவிடுமே என்று எடுத்தாள். ஆனால் எடுத்த உடனே முந்நூறு பேரும் ஒரே அடியாகப் பின்னால் நகர்ந்தார்கள். நகர்ந்துவிட்டு அவளைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை அவள் எங்கேயோ பார்த்திருந்தாள். கண் பெரிசாகி, மூக்கு விடைத்து, ஒன்றும் புரியாமல். சாக இஷ்டம் உள்ள முகம் ஒன்றாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசி வரிசை வரைக்கும் பார்த்தாள். கையில் இருந்த கயிற்றின் மறுமுனையில் கிடாயின் முகத்தையும் பார்த்தாள்.

பிற்பாடு நடந்தது பெரிய தெளிவு ஒன்றும் இல்லை. பேச்சிக்குக் கிடா நேர்வது நின்றுபோனது. சிலபேர் கறியை விட்டார்கள், விட்டவர்களில் சிலபேர் மறுபடியும் தொட்டார்கள். குற்றாலநாதன் மீனுக்கு மாறினார். மீன் ஏற்கெனவே தண்ணீரில்தான் கிடக்கிறது, அதன் மேல் தண்ணீர் ஊற்றி உத்தரவு கேட்க முடியாது, ஆகவே பாவம் இல்லை என்பது அவர் கட்சி. மூசா கடை நடந்தது, தராசு முள் ஆடிக்கொண்டே இருந்தது, சனங்கள் உத்தேசமாக வாங்கிப் போனார்கள். இராமலட்சுமியின் மெஸ்ஸில் ஒருநாள் கறி இருக்கும், ஒருநாள் இருக்காது. ஏன் ஆச்சி என்று கேட்டால், "எனக்கே தெரியலய்யா, இன்னைக்குக் கை வரல" என்பாள். ஆனால் அதெல்லாம் அப்புறம். அந்த நிமிஷத்தில், உச்சி வெயிலில், குற்றாலநாதன் இரண்டு கையையும் கூப்பினார்.

"மதினி, குளிர்ந்துச்சு. அவ்வளவுதான். உத்தரவுல்லாம் ஒண்ணும் குடுக்கல, சத்தியமா குடுக்கல. நாங்க சிலுப்பவே இல்லேன்னு சொல்லிருங்க. நீங்க ஒரு ஆளுதான் பாத்துக்கிட்டு நின்னிய. ஒம்பது வருசமா இல்ல இல்லேன்னுதான சொன்னிய, இன்னும் ஒரேயொரு தடவ சொல்லிருங்க."

"சொல்லிருங்க ஆச்சி" என்றது ஊர். ஒன்பது வருஷமாக அவளை நம்பவைக்கச் சத்தியம் செய்த குடைக்காரன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கெஞ்சினான்.

அவள் சொரிமுத்துவைப் பார்த்தாள். இல்லை என்று சொன்னால் இத்தனை பேரும் இந்த நிமிஷமே கழன்றுகொள்வார்கள். அடுத்த சீசன் பொய்த்தால் மறுபடியும் தட்டோடு வருவார்கள், ஒரே ஒரு கழுத்தைத் தேடிக்கொண்டு. ஆமாம் என்றால் இவர் கழுத்தும் குற்றாலநாதன் கழுத்தும் ஒரே கயிற்றில். அப்புறம் எவன் கேட்பான் கீறல்? முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். அரிவாளைக் கக்கத்தில் இடுக்கினாள். கிடாயின் கயிற்றை அவிழ்த்து, அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"நடக்கலேன்னு எப்படிச் சொல்லுவேன்? நான் என்ன குருடியா?" என்றாள். "நடந்துச்சு. இவுக அன்னைக்கும் சிலுப்புனாக, இன்னைக்கும் சிலுப்புனாக. நீங்க அம்புட்டுப் பேரும் சிலுப்புனிய. எங் கண்ணால பாத்தேன்."